குற்றவாளிக் கூண்டில் மாப்பிள்ளை

“ஆமாங்க. தாலி கட்ட வேண்டிய அன்னிக்குக் காலையில எந்திரிச்சுப் போனவன் நான்தானுங்க. காரணம்னு ஒண்ணும் கெடையாதுங்க. போகோணும்னு தோணுச்சு, போயிட்டேன்.”

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில், மேடையில் நின்று, ஊர் முழுக்கக் கேட்கும்படி இதைச் சொன்னவன் நான். அப்போது எனக்குக் கல்யாண வயது வந்து, தாண்டி, வெகுதூரம் போயிருந்தது.

எனக்குக் கணீரென்ற குரல். அதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. போதாததற்கு மைக் செட்டுக்காரர் புதிதாக வாங்கிய குழாய் ஸ்பீக்கர்களை ஜேடர்பாளையம் ரோட்டுப் பிரிவு வரைக்கும் தென்னைக்குத் தென்னை கட்டியிருந்தார். ஜெனரேட்டர் புகையும் பொரிகடலை வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தன. கோயிலுக்கு முன்னால் தார்ப்பாயில் ஜனம் உட்கார்ந்திருந்தது. நான் பேசி முடித்ததும் கைதட்டல் வரும் என்று நின்றேன். ஒரு கிழவர் மட்டும், “அடப் பாவி” என்றார். நடிப்புக்குக் கிடைத்த பாராட்டாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

அதே நேரத்தில், ரோட்டுப் பிரிவு டீக்கடையில், ஆட்டையாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பேர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் தாய்மாமன். என்னைப் பற்றி விசாரிக்க வந்தவர்.

“ஏனுங்க, யாருங்க இது பேசறது?” என்று கேட்டிருக்கிறார்.

டீக்கடைக்காரர் என் மேல் மிகுந்த பிரியம் உள்ளவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாராம்: “நம்ம சிவராசுதானுங்க. கோழிப் பண்ணைக்காரரு. இப்பத்தான் கேட்டுட்டு இருந்தீங்களே, அவரேதான்!”

விசாரணைக் கமிஷன்

எங்கள் பக்கத்து விசாரிப்பைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஜாதகம் பொருந்திவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, பெண் வீட்டார் இரண்டு பேரைச் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை ஊருக்கு அனுப்புவது. அவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வர மாட்டார்கள். டீக்கடை, சலூன், உரக்கடை, பஞ்சர் ஒட்டுகிற இடம் என்று நாலு இடத்தில் வண்டியை நிறுத்துவார்கள். “இந்தப் பக்கம் காடு ஏதாச்சும் வெலைக்கு வருதுங்களா?” என்று ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஆளிடம் வந்து சேருவார்கள். அவர்கள் காடு, அதாவது மேட்டு நிலம், வாங்க வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் காட்டு விலையைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடர வேண்டும். அது மரியாதை.

அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெண்ணைப் பெற்றவர்கள் வேறு யாரைத்தான் கேட்பார்கள்? ஆனாலும் ஒரு மனிதனின் முப்பத்து மூன்று வருஷத்தை ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது.

என்னைப் பற்றி அதுவரை ஊர் வைத்திருந்த கணக்கு இதுதான்: பையன் நல்லவன், முட்டைக் கோழிப் பண்ணை இருக்கிறது, தண்ணி கிண்ணி கிடையாது, ஆனால் சித்தே ஒரு மாதிரி. அந்த “ஒரு மாதிரி”க்குக் காரணம் நான் எம்.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்ததுதான். அஞ்சல் வழிப் படிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் சேலம் அம்மாபேட்டையில் வகுப்பு. தறிச் சத்தம் சுவர் தாண்டி வரும், அதற்கு மேல் குரல் எடுத்து ஒரு அம்மா பாடம் நடத்துவார்.

“ஏன் மாப்ள, கோழிக்கு இங்கிலீசு சொல்லித் தரப் போறியா?” என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. எதற்குப் படிக்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியாது. படிக்க வேண்டும் போல இருந்தது, சேர்ந்தேன். அதை அப்படியே சொன்னால் யாரும் நம்பவில்லை. பிறகு, “பேங்க் லோனுக்கு நல்லதுங்க” என்று ஒரு காரணம் சொன்னேன். உடனே எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

காரணம் கேட்கிற ஊர்

எங்களுக்குப் பாடமாக ஒரு பழைய ஐரோப்பிய நாவல் இருந்தது. பெயரைச் சொன்னால் அந்தத் தேர்வை எழுதியவர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

கதை சின்னதுதான். ஒரு துறைமுக ஊர். அங்கே தராசுகளைச் சரிபார்க்கிற குமாஸ்தா ஒருவன். கல்யாணத்தன்று காலையில் உடை மாற்றிக்கொண்டவன், சர்ச்சுக்குப் போகாமல் படகுத்துறைக்குப் போய்ப் படகேறிவிடுகிறான். சில வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். அதே தெருவில் வீடு எடுக்கிறான், அதே வேலையில் சேருகிறான். ஊர் கேட்கிறது, ஏன் போனாய்? காரணம் இல்லை என்கிறான். நோய் என்று சொல், வேறு பெண் என்று சொல், புத்தி பேதலித்தது என்றாவது சொல், மன்னித்துவிடுகிறோம் என்று கெஞ்சுகிறார்கள். அவன் மாட்டேன் என்கிறான். “போனது நான். என்னைத் தவிர வேறு யார் மேலும், எதன் மேலும் அதை ஏற்றி வைக்க மாட்டேன்” என்பதுதான் அவன் பேச்சின் சாரம். கல்யாணத்தை விட்டுப் போனதைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. காரணம் சொல்லாததைப் பொறுக்க முடியவில்லை. கடைசியில் ஊரைக் கூட்டி விசாரித்து அவனைத் துரத்துகிறார்கள்.

இதைத்தான் இருத்தலியம் என்று பாடப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தது. எனக்குப் புரிந்த வரைக்கும் விஷயம் இவ்வளவுதான்: மனிதன் செய்து வைத்த பாத்திரம் இல்லை. அவன் எதைச் செய்கிறானோ அதுவாக ஆகிறான். என் விதி, என் ஜாதகம், என் வளர்ப்பு, ஊர் சொன்னது என்று எதன் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. முதல் தடவை படித்தபோது பண்ணையில் தீவன மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்காகவே எழுதினார்களோ என்று தோன்றியது. அவ்வளவு கர்வம் எனக்கு.

என்னோடு படித்தவன் தனபால். பள்ளிக்கூட வாத்தியார், நோம்பி விழாக் குழுவிலும் இருந்தான். நோம்பிக்கு வருஷா வருஷம் வழக்காடு மன்றம் உண்டு. புராணத்து ராணி குற்றவாளியா இல்லையா என்று ஒருவர் வழக்குத் தொடுப்பார், ஒருவர் மறுப்பார், நடுவர் நடுவில் உட்கார்ந்து ஜோக் சொல்வார். அந்த வருஷம் வெளியூர்ப் பேச்சாளர்கள் கடைசி நேரத்தில் வரவில்லை. “நம்ம நாவலையே போட்றலாம்டா. பரீட்சைக்கும் படிச்ச மாதிரி ஆச்சு” என்றான் தனபால்.

யோசனை அவனுடையது. அதில் ஒரு புதுமையைச் சேர்த்தது நான். வழக்காடு மன்றத்தில் குற்றவாளி நேரில் வருவதே இல்லை, நம் மன்றத்தில் வரட்டும் என்றேன். கூண்டுக்கு ஒரு பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, நானே ஏறி நின்றேன். வெளிநாட்டுப் பெயரெல்லாம் ஜனத்துக்குப் புரியாது என்று தனபால் பெயர்களை எடுத்துவிட்டான். “இதோ நிற்கிறாரே, இவர் செய்ததைக் கேளுங்கள்” என்றே வழக்கை ஆரம்பித்தான். நாவல் என்ற வார்த்தையை அவன் முதலில் ஒரு தடவை சொன்னது நிஜம். அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் மக்கர் செய்து ஸ்பீக்கர் கொரகொரத்ததும் நிஜம்.

ஆளுக்கொரு காரணம்

மறுநாள் காலையில் முட்டை லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். டிரைவர் இறங்கி வந்து என் தோளைத் தொட்டார். “உடுங்க, நடந்தது நடந்து போச்சு. அந்தப் புள்ளைக்கு இப்ப வேற எடத்துல கல்யாணம் ஆயிருச்சுங்களா?” என்றார்.

எந்தப் புள்ளை என்று கேட்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

சாயங்காலத்துக்குள் நான் கல்யாணத்தன்று ஓடிப் போனவன் என்பது இரண்டு ஊருக்குப் பரவிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் எங்கேயும் ஓடவில்லை என்று தெரியும். தினம் என்னைப் பார்க்கிறவர்கள். ஆனாலும் அவர்கள் விடவில்லை. கதையில் வருகிறவன் ஏன் போனான் என்பதற்கு டீக்கடையில் ஆராய்ச்சி நடந்தது. பெண்ணுக்கு வேறு ஆள் இருந்திருக்கும் என்றார் ஒருவர். சீர் பேசினபடி வந்திருக்காது என்றார் சலூன்காரர். “அவனுக்குத்தான் ஏதோ கோளாறு, வெளிய சொல்ல முடியல” என்று ஒரு தாத்தா முடித்து வைத்தார். காரணமே இல்லை, அதுதான் கதை என்று நான் போய்ச் சொன்னேன். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

நாவலில் அந்த ஊர்க்காரர்களை வாசித்தபோது, இவ்வளவு முட்டாள்கள் இருப்பார்களா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தேன். இரண்டு நாள் டீக்கடையில் உட்கார்ந்த பிறகு, எழுதியவன் எங்கள் ஊருக்கு வந்து போயிருப்பான் என்று தோன்றிவிட்டது.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், தரகர் போன் பண்ணுகிற வரைக்கும்.

“பொண்ணு ஊட்டுல சித்தே பொறுக்கச் சொல்றாங்க தம்பி” என்றார். பொறுக்கச் சொல்வது என்றால் வேண்டாம் என்று பொருள். போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால் அந்தப் பெண் எனக்குத் தரகர் காட்டிய போட்டோ இல்லை. எனக்குத் தெரிந்த கோகிலா.

மக்காச்சோளமும் கோகிலாவும்

நாமக்கல்லில் தீவனம் பரிசோதிக்கிற ஒரு ஆய்வுக்கூடம். மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு இருந்தால் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அதனால் லோடு வந்ததும் மாதிரிக்கு ஒரு பை அள்ளிக்கொண்டு அங்கே ஓடுவோம். கோகிலா அங்கே வேலை பார்த்தாள். மாதிரிப் பையைப் பிரித்ததும் முதலில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்ப்பாள். மெஷின் சொல்வதற்கு முன்னால் அவள் முகம் சொல்லிவிடும்.

நான் தேவைக்கு அதிகமாகவே மாதிரி கொண்டுபோக ஆரம்பித்தேன். ஒரு நாள், “ஏனுங்க, இது போன வாரம் கொண்டாந்த அதே லோடுங்களே” என்றாள். ஆமாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் பையையும் திருப்பித் தரவில்லை. அதற்குப் பிறகுதான் நான் அம்மாவிடம் சொல்லி, அம்மா தரகரிடம் சொல்லி, ஜாதகம் போய், விசாரிப்புக்கு ஆள் வந்தது.

எனவே தரகர் போனுக்கு மறுநாள் நான் ஒரு பையில் மக்காச்சோளம் அள்ளிக்கொண்டு நாமக்கல் கிளம்பினேன். அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

“அது நாவலுங்க” என்றேன், எடுத்த எடுப்பில்.

“தெரியுங்க. எங்க மாமா வந்து சொன்னப்பவே, இது ஏதோ கதையாட்டத்தான் இருக்குதுன்னு எனக்குப் பட்டுது” என்றாள். “முழுசாச் சொல்லுங்க பார்க்கலாம்.”

அங்கேயே நின்று சொன்னேன். குமாஸ்தா, படகு, ஊர்க்கூட்டம், காரணம் எல்லாம். சுதந்திரம், பொறுப்பு என்று பாடப் புத்தகத்திலிருந்தும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். அவள் பையைப் பிரிக்காமல் கேட்டாள். முடித்ததும் ஒரே கேள்வி கேட்டாள்.

“அந்தப் பொண்ணு என்னங்க ஆனா?”

“எந்தப் பொண்ணு?”

“அன்னிக்குக் காலையில கல்யாணத்துக்கு ஜோடிச்சு உக்காந்திருந்தவ.”

நான் யோசித்தேன். அந்தத் தடிப் புத்தகத்தில் அவளுக்கு அரைப் பக்கம்கூட இல்லை. சர்ச் வாசலில் நின்றாள் என்று வருகிறது, அவ்வளவுதான்.

“அவன் ஏன் போனான்னு ஊரே கேக்குது. நீங்களும் மேடை போட்டுப் பேசறீங்க. அவ அப்பறம் என்ன பண்ணுனான்னு ஒருத்தரும் கேக்கலீங்களா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மாதிரியில் பூஞ்சை இருக்கிறது என்று சொல்கிற அதே குரல்தான்.

வகுப்பில் இவ்வளவு நாள் பேசியும், குறிப்பு எழுதியும், எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்குச் சுருக்கென்றது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். அவள் என்ன முடிவு செய்வாள் என்பதுதான் தெரியவில்லை.

“எங்க அப்பாவ வந்து பாருங்க” என்றாள்.

குச்சிக்கிழங்குக் காட்டில்

அவள் அப்பா நல்லசிவம் ஆட்டையாம்பட்டிப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருந்தார். நானும் அம்மாவும் போனோம். வண்டியில் ஏறியதிலிருந்து அம்மா ஒரே பாட்டு: “தனபாலு கட்டாயப்படுத்துனான்னு சொல்லிப்போடு. உனக்குப் புடிக்கவே இல்லீன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்.”

நல்லசிவம் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். மோர் வந்தது. கொண்டுவந்தவள் கோகிலாவின் அக்கா சாந்தி. அவள் மகள், ஐந்து வயது இருக்கும், தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

“அன்னிக்குப் பேசுனது நடிப்புத்தானுங்க” என்று ஆரம்பித்தேன்.

“நடிப்புன்னு எனக்கும் தெரியுமுங்க தம்பி” என்றார். “நானும் நாடகம் பாத்து வளந்தவன்தான். ராட்சசன் வேசம் கட்டுனவரு ஊட்டுலயே எங்க சித்தப்பா பொண்ணெடுத்தாரு. ஆனா ராட்சசன் எதுக்குக் கெடுதல் பண்றான்னு கதையில ஒரு காரணம் சொல்லிப்போடறாங்க. காரணமே இல்லாம ஒருத்தன் எந்திரிச்சுப் போவான்னு நீங்க நம்பறீங்களா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

அம்மா என் கையைக் கிள்ளினாள். நம்பவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பந்தலுக்கு நாள் குறித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, பிறகு எந்த முகத்தோடு அந்த நாவலைத் திறப்பது? கோகிலா கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“நம்பறனுங்க” என்றேன். “மனுசன் பண்றதுல பாதிக்குக் காரணத்த அப்பறந்தான் தேடிப் புடிக்கறோம். ஆனா காரணம் இல்லாட்டியும் பண்ணுனவன் பண்ணுனவன்தானுங்க. அவன் தலையிலதான் அது விடியும். அந்தக் கத சொல்றது அவ்வளவுதான்.”

அம்மா பெருமூச்சு விட்டாள். நல்லசிவம் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். சாந்தி உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பெரியவளக் குடுக்கறப்ப எல்லாக் காரணமும் சரியா இருந்துச்சுங்க. காடு இருந்துச்சு, போர் போடற ரிக் வண்டி இருந்துச்சு, ஜாதகம் அப்படியே பொருந்துச்சு. விசாரிச்ச எடத்துலயெல்லாம் தங்கமான பையன்னாங்க. அப்பேர்ப்பட்ட எடத்துல இருந்துதான் புள்ளயத் தூக்கிட்டுத் திரும்பி வந்துட்டா.” துண்டால் நெற்றியைத் துடைத்தார். “இன்னொரு வாட்டி முடிவு சொல்ல எனக்குத் தெகிரியம் இல்லீங்க. பூ கேட்டுப் போடலாம். சாமி சொல்றபடி ஆகட்டும்.”

இதற்கு மேல் அவரிடம் என்ன வாதாடுவது? அவருக்கு என் மேல் கோபமே இல்லை. தன் மேல்தான் பயம்.

பூ கேட்கப் போனோம்

பூ கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை அரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் சுருட்டி, நாரால் கட்டி, அடையாளம் தெரியாமல் கலைத்துச் சாமி காலடியில் வைப்பார்கள். சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எங்களுக்கு வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். சில ஊர்களில் மாற்றியும் வைத்துக்கொள்வதுண்டு. காடு வாங்க, கிணறு வெட்ட, கல்யாணம் பேச, எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். வந்த பிறகு அதற்கு மேல் பேச்சில்லை.

அவர்கள் குலசாமி கோயில் காடுகளுக்கு நடுவே இருந்தது. காலை வெயில் இன்னும் உறைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர், அவர்கள் வீட்டில் நல்லசிவம், தாய்மாமன், சாந்தி, அவள் குழந்தை, கோகிலா. தாய்மாமன் என்னைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டுப் பொட்டலங்களைக் கலைத்தார்.

ஊர் முழுக்க மைக் வைத்து, மனிதன் தானே தேர்ந்தெடுக்க வேண்டியவன் என்று முழங்கியவன் நான். அந்த நான், கையைக் கூப்பி, கண்ணை இறுக மூடி, “வெள்ளை, வெள்ளை” என்று வேண்டிக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவுக்கும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

“பாப்பாவ வரச் சொல்லுங்க” என்றார் பூசாரி.

குழந்தை இரண்டு எட்டு வைத்தாள். கோகிலா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். “நில்லு கண்ணு. உனக்கெதுக்கு இந்த வேலை?” என்றாள். பிறகு அவளே முன்னால் போனாள். குனிந்து இரண்டு பொட்டலத்தையும் எடுத்தாள்.

“அம்மணி, ஒண்ணுதான் எடுக்கோணும்” என்று பூசாரி பதறினார்.

அவள் அவசரப்படவில்லை. ஒன்றின் நாரை அவிழ்த்தாள். அடுத்ததையும் அவிழ்த்தாள். வெள்ளையும் சிவப்பும் ஒரே கையில் கிடந்தன. இரண்டையும் சேர்த்துச் சாமி காலடியில் போட்டுக் கும்பிட்டாள்.

“சாமிக்குப் பறிச்ச பூ சாமிக்கே ஆச்சுங்க. பதில நான் சொல்லிக்கறேன்.”

“இதென்ன பழக்கம்? பெரியவங்க நிக்கறப்ப?” என்றார் தாய்மாமன். நல்லசிவம் கையை லேசாக உயர்த்தினார். தாய்மாமன் நிறுத்திக்கொண்டார்.

கோகிலா என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, நீங்க சொல்லுங்க. தாலி கட்டற அன்னிக்குக் காலையில எந்திரிச்சுப் போவீங்களா?”

சத்தியமாகப் போக மாட்டேன், சாமி மேல் ஆணை என்று எவனும் சொல்லியிருப்பான். எனக்கும் அதுதான் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் கேட்டது ஆணையை அல்ல.

“போறதுனா போக முடியுமுங்க. யாரும் என்னைக் கட்டி வெக்கப் போறதில்ல” என்றேன். “ஆனா போக மாட்டனுங்க.”

“அட கெரகமே” என்றாள் என் அம்மா, எனக்குப் பின்னால்.

கோகிலா நேராக அப்பாவிடம் போனாள்.

“எனக்குச் சம்மதமுங்கப்பா. நாளைக்கு இது தப்பாப் போச்சுன்னா அது நான் பண்ணுன தப்பு. உங்களுதும் இல்ல, சாமியோடதும் இல்ல. நீங்க அதுக்கு மனச வருத்திக்க வேண்டாம்.”

நல்லசிவம் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் அசைந்தது. பூசாரி தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். துண்டை விலக்கியபோது நல்லசிவத்தின் கண் கோகிலாவிடம் இல்லை. அவளைத் தாண்டி, குழந்தையை இழுத்து அணைத்தபடி நின்ற சாந்தியிடம் இருந்தது.

“தப்பாப் போனாத்தான் என்ன கண்ணு?” என்றார். “நம்ம ஊடு இருக்குதல்ல. வந்துருங்க.”

புருஷன் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து சாந்தி அந்த வீட்டில் சமைத்தாள், பெருக்கினாள், விருந்தாளிக்கு மோர் கொண்டுவந்தாள். விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். இத்தனை நாளில் அந்த ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். குழந்தை பயந்துபோகும் என்றுகூடப் பார்க்காமல், வாய்விட்டு அழுதாள். கோகிலா ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்லசிவம் இரண்டு பேர் தலையிலும் கை வைத்துக்கொண்டு நின்றார். என் அம்மா தனக்கென்ன என்று நில்லாமல் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

என் கல்யாணம் முடிவான காலை அது. அங்கே ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.